குட்மேய்ஸ் சாமி அறையில் ஒரு சீனத் தேயிலை

லண்டன் போய் வந்தேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, என்னென்ன பார்த்தீர்கள் என்பதுதான். அரண்மனை பார்க்கவில்லை. பெரிய மணிக்கூண்டைத் தூரத்திலிருந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்பது நாளில் நாலு நாள் ஒரு தேயிலை வட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பயந்த சுபாவம். மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்ததால் வந்ததா, பிறவியிலேயே வந்ததா தெரியாது. கேஸை மூடினோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பவன் நான். பாஸ்போர்ட்டை நாலு ஜெராக்ஸ் எடுத்து நாலு பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மனைவி கோமதிக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் உறையூரிலிருந்து தனியாகத்தான் போக வேண்டியதாயிற்று. காரியம் ஒன்றே ஒன்று. எங்கள் ஒரே மகள் நித்யா ஒரு சீனப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். அந்தப் பையனின் அப்பாவைப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும்.

இப்போது இதை இவ்வளவு லேசாக எழுதுகிறேன். போன வருடம் அவள் போனில் முதன்முதலாகச் சொன்னபோது நான் பேசிய பேச்சை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் மேலே படிக்கமாட்டீர்கள். பிறகு கோமதி பேசிப் பேசி என்னை இறக்கிக் கொண்டுவந்தாள். சரி என்றேன். பையனோடு வீடியோவில் நாலு வார்த்தை பேசினேன். ஆனால் அந்த முதல் போனுக்குப் பிறகு நித்யா என்னை அப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். கோபமாகப் பேசமாட்டாள். "சாப்பிட்டீங்களா", "மாத்திரை போட்டீங்களா" எல்லாம் உண்டு. அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. அவளுக்கே தெரியுமோ என்னவோ, நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வந்து இறங்கினேன். நித்யா இருப்பது லண்டனின் கிழக்குக் கோடியில், குட்மேய்ஸில், ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் மாடியில் வாடகைக்கு. கீழே வீட்டுக்காரம்மா பத்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் காலை வேலை. கணவருக்கு எங்கேயோ தூரத்தில் ஷிப்ட். ஒன்பது நாளில் அவரை நான் பார்த்தது இரண்டு தடவை, இரண்டு தடவையும் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் குப்பைத்தொட்டிகள் மூன்று நிறத்தில் வரிசையாக நின்றன. தெருவில் ஒரு பக்கம் நம் ஊர் மளிகைக் கடை, பச்சை மிளகாயும் முருங்கைக்காயும் வெளியே அடுக்கி. இதற்கா இத்தனை மணிநேரம் பறந்தோம் என்று தோன்றியது. தோன்றிய கொஞ்ச நேரத்தில் குளிர் காதைக் கடித்து, எங்கே இருக்கிறேன் என்று ஞாபகப்படுத்தியது.

பத்மாவின் வீட்டில் முன்பக்கத்துச் சின்ன அறைதான் சாமி அறை. பிள்ளையார், முருகன், அம்மன் என்று சுவர் நிறையப் படங்கள். காலையும் மாலையும் கற்பூரம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி. நான் போனதும் கவனித்தது மேலே கூரையைத்தான். புகை வந்தால் கத்துகிற அலாரத்துக்கு, குளிக்கும்போது தலையில் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி வைத்திருந்தார். எனக்குப் பதறிவிட்டது.

"பூசை நேரத்துக்கு மட்டுந்தான் அண்ணை. முடிஞ்சோடனை கழட்டிப் போடுவன். இல்லாட்டி இது கத்திற கத்திலை பக்கத்து வீட்டுக்காரர் ஃபயர் எஞ்சினுக்கு அடிச்சுப்போடுவினம்" என்றார்.

அந்த மாலை பூசை முடிந்து மூன்று மணிநேரம் கழித்தும் தொப்பி கழற்றப்படவில்லை. நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன்.

செவ்வாய் மாலை பையன் வந்தான். பெயர் ஆண்ட்ரூ. உயரம், ஒல்லி, கண்ணாடி. அப்பா ஹாங்காங்கிலிருந்து வந்து லண்டனிலேயே வுலிச்சில் குடியிருப்பவர், பெயர் லாம், மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஆண்ட்ரூ ஒரு காகிதப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினான். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். அது நம் வழக்கமும்தான் என்பதால் எனக்கு அந்த நிமிஷம் பையனைக் கொஞ்சம் பிடித்துப் போயிற்று.

"அப்பா கொடுத்து அனுப்பினார். நான் பிறந்த வருடத்துத் தேயிலை" என்றான் ஆங்கிலத்தில்.

பிரித்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், வரட்டி மாதிரி இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்டு, கருப்பும் பழுப்புமாய், இலைகள் ஒன்றோடொன்று அழுந்திக் கல்லாய் இறுகி. பின்பக்கம் நடுவில் ஒரு குழி. தேயிலையை ஆவியில் இளக்கித் துணியில் கட்டி அழுத்தும்போது, துணியின் முடிச்சு பதிந்த குழி அது என்றான் ஆண்ட்ரூ. மோந்து பார்த்தேன். மழை பெய்து ஓய்ந்த பழைய மரக்கதவு மாதிரி ஒரு வாசனை, அதற்கு அடியில் லேசாக ஒரு தித்திப்பு. முப்பத்தோரு வருடத்துப் பழைய டீத்தூள். எங்கள் வீட்டில் மூன்று மாதப் பழையதையே கோமதி குப்பையில் போடுவாள்.

அவன் போனதும் கோமதிக்குப் போன் போட்டேன். "சம்பந்தி வீட்டுலருந்து வந்த முதல் சாமான். சாமிகிட்ட வெச்சீங்களா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. எங்கள் வீட்டில் எது வந்தாலும் அப்படித்தான். புது வண்டிச் சாவி, கல்யாணப் பத்திரிகை, நித்யாவின் மார்க் ஷீட், எல்லாம் ஓர் இரவாவது சாமி முன்னால் இருந்துவிட்டுத்தான் புழக்கத்துக்கு வரும். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கீழே போய்ப் பத்மாவிடம் கேட்டேன்.

"ஓம் அண்ணை, தாங்கோ. இதென்ன கேட்டுக்கொண்டு? வெள்ளிக்கிழமை வரைக்கும் கிடக்கட்டும், நல்லது" என்று வாங்கி, அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தார். கற்பூரம் காட்டினார். எனக்கு விபூதி தந்தார். நானும் கண்ணை மூடி, வாழ்க்கையில் முதல் தடவையாக, இந்தக் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டேன். மாடியேறும்போது மனசு லேசாக இருந்தது. அந்தப் பயணத்தில் நான் நிம்மதியாக இருந்தது அந்த இரண்டு நாள்தான்.

வியாழன் மாலை நித்யா ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஆண்ட்ரூவோட அப்பா ஞாயித்துக்கிழமை இங்க வர்றாராம். கெட்டில், டீபாட் எல்லாம் அவரே கொண்டு வர்றாராம். அந்த டீயை நம்ம எல்லாருக்கும் அவரே போட்டுத் தரணுமாம்."

"நல்லதுதானே."

"ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னாராம். அது பக்கத்துல எந்த வாசனையும் இருக்கக் கூடாதாம். மசாலா, சோப்பு, சென்ட் எதுவுமே. காத்துல இருக்கறதையெல்லாம் அப்படியே இழுத்துக்குமாம். முப்பது வருஷமா அதுக்குன்னே தனி அலமாரி வெச்சுப் பாத்துக்கிட்டாராம்." கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அவர் இன்னும் சரின்னு சொல்லலை, தெரியும்ல? வேணாம்னும் சொல்லலை. பேசவே மாட்டார். ஆண்ட்ரூ பிறந்தப்ப ஏழு வாங்கினாராம். ரெண்டு உடைச்சாச்சு. மூணாவதை நமக்குக் குடுத்திருக்கார். அவர் வாயத் திறந்து பேசின மாதிரின்னு ஆண்ட்ரூ சொல்றான். எங்க வெச்சிருக்கீங்க?"

"பத்திரமா இருக்கு" என்றேன். பொய் இல்லை. அம்மனைவிடப் பத்திரம் யார்?

அவள் குளிக்கப் போனதும் கீழே ஓடினேன். பத்மா எட்டி எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை வைத்த இடத்தில் இல்லை. பூ வைக்க இடம் போதவில்லை என்று அதைக் கற்பூர டப்பாவின் மேல் வைத்திருந்தார். டப்பாவுக்கு மூடி கிடையாது. மூக்கருகே கொண்டு போனேன். மழை இல்லை, மரக்கதவு இல்லை. ஆடி மாதத்து மாரியம்மன் கோயில்தான் இருந்தது.

"நல்ல வாசமெல்லே அண்ணை" என்றார் பத்மா.

ஏன் அவ்வளவு பயந்தேன் என்று சொல்கிறேன். அந்த மனிதர் கோபித்துக்கொள்வாரே என்பது பாதிதான். மீதிப் பாதி, நித்யா என்ன நினைப்பாள் என்பது. போன வருடம் அந்தப் பேச்சுப் பேசியவன் நான். அவர்கள் வீட்டிலிருந்து வந்த ஒரே ஒரு நல்ல சாமான் என் கையில் வந்து இரண்டே நாளில் பாழாயிற்று என்றால், தெரியாமல் செய்தார் என்று யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்பமாட்டேன். அவளிடம் சொல்லத்தான் வேண்டும் என்று மாடியேறினேன். தலைமுடியைத் துவட்டிக்கொண்டு வந்தவள் முகத்தைப் பார்த்ததும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் ஆபீஸ் போனதும், வட்டை இரண்டு காகிதத்தில் சுற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு சைனா டவுன் கிளம்பினேன். அங்கே தேயிலைக்கென்றே கடை இருக்கும், யாராவது வழி சொல்வார்கள் என்ற நம்பிக்கை. ரயில் சுத்தமாக, சத்தமில்லாமல் போயிற்று. எங்கள் பக்கத்துப் பாசஞ்சர் ரயிலில் ஏறினால் இறங்குவதற்குள் நாலு பேர் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள். இங்கே எதிரே இருந்த எட்டுப் பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பைக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன். ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. "அம்மா, அந்தத் தாத்தா ஏன் பையை மோந்து மோந்து பார்க்கிறார்?" அவள் அம்மா, "அப்படி உற்றுப் பார்க்கக் கூடாது" என்றாள். என்னை வேறு பெட்டிக்குப் போகச் சொல்லாமல் விட்டாளே என்று இருந்தது.

தேயிலைக் கடையைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. மாடிப்படிக்குக் கீழே ஒரு குறுகலான கடை. சங்கிலி கோத்த கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு பெண்மணி மட்டும் இருந்தார். பையைப் பிரித்துக் கொடுத்தேன். முதலில் காகிதத்தைப் படித்தார், முகத்தில் ஒரு மரியாதை வந்தது. பிறகு மோந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதை யார் கோயிலில் வைத்தது?"

"ஒரு நண்பர்" என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. உட்காரச் சொன்னார். எனக்காக வேறொரு பழைய வட்டிலிருந்து கொஞ்சம் பெயர்த்துப் போட்டார். இந்த அழுத்திய தேயிலையில் இரண்டு ஜாதி என்றார். ஒன்றை ஈரத்தில் குவித்து வைத்து, சில வாரங்களிலேயே பழசாக்கிவிடுவார்கள். கறுப்பாக, சாதுவாக, அவசரத்துக்குக் குடிக்க நன்றாக இருக்கும். இன்னொன்றைப் பச்சையாகவே அழுத்திக் காலத்திடம் விட்டுவிடுவார்கள். இளசில் அது நாக்கைச் சுருட்டும் கசப்பு. இருபது, முப்பது வருடம் போனால் கசப்பு இறங்கி, தொண்டைக்கு அப்பால் ஒரு தித்திப்பு வந்து நிற்கும். "உங்களுடையது இந்த இரண்டாவது ஜாதி. இது மூச்சு விடும். அதனால்தான் தகர டப்பாவில் அடைக்கக் கூடாது, ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து மூச்சில் இழுத்துக்கொள்ளும்."

கைப்பிடிக்குள் அடங்கும் சின்ன மண் டீபாட். கொதி அடங்காத தண்ணீரை ஊற்றினார், உடனே வடித்து அப்படியே கீழே கொட்டினார். எனக்குப் பகீரென்றது. எங்கள் ஊர் டீக்கடையில் முதல் டிகாஷனைக் கொட்டினால் மாஸ்டரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே தூளின் உயிர் போகும்வரை கொதிக்கவிடுவது வழக்கம். இங்கே பத்து எண்ணுவதற்குள் அடுத்ததை வடித்துவிட்டார். கண்ணாடிக் கிண்ணத்தில் மரச்செக்கு நல்லெண்ணெய் நிறம். பால் இல்லை, சீனி இல்லை. குடித்தேன். முதலில் வெறும் வெந்நீர்; பிறகு நனைந்த கட்டை; விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, எங்கிருந்தோ பனங்கற்கண்டு. ஒரே இலையில் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை ஊற்றலாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் நேரம் விட வேண்டும் என்றார்.

"இந்த வாசனை போக எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆறு மாதம். ஒரு வருடமும் ஆகலாம்."

"ஞாயிற்றுக்கிழமைக்குள் போகாதா?"

அப்போதுதான் அவர் சிரித்தார். காற்றோட்டமாக வையுங்கள், கிடைத்தால் மண்சட்டியில் போடுங்கள் என்றார். "மீதியை வெந்நீர் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகும்."

அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். ரயில் ஏறினேன். வந்த ரயில்தான், ஊதா நிறம்தான். திசை மட்டும் வேறு. பாதாளத்திலிருந்து வெளியே வந்து வெளிச்சத்தில் ஸ்டேஷன் பெயர்களைப் படித்தபோது ஒன்றும் காலையில் பார்த்ததாக இல்லை. பதறிப்போய் ஓர் இடத்தில் இறங்கினேன். சவுத்தால். நான் போக வேண்டியது லண்டனின் கிழக்குக் கோடி. வந்து நின்றது மேற்குக் கோடி.

வெளியே வந்து யாரையாவது கேட்போம் என்று தெருவுக்கு வந்தது அடுத்த தப்பு. ஜிலேபி எண்ணெய் ஒரு பக்கம், கரியில் சுடும் இறைச்சி ஒரு பக்கம், ஊதுபத்திக் கடை ஒன்று, அத்தர் கடை ஒன்று. வேறொரு நாளாக இருந்தால் ஒவ்வொரு கடையிலும் நின்றிருப்பேன். பையைக் கோட்டுக்குள் திணித்து, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். டீ என்றேன். அவர் என்னைக் கையைப் பிடித்து டீக்கடைக்குள் கூட்டிப்போக, அங்கே ஏலக்காயும் இஞ்சியும் ஆவியாய் எழும்பிக்கொண்டிருந்தன. மனிதர் மனசு நோகக் கூடாதே என்று ஒரே மடக்கில் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, அவர் காட்டிய பிளாட்பாரத்துக்கு ஓடினேன்.

சனிக்கிழமை முழுக்க மழை. வட்டை என் அறை ஜன்னலோரம், சாரல் படாத தூரத்தில் வைத்துக் காவல் இருந்தேன். பத்மாவிடம் மண்சட்டி கேட்டேன். சந்தோஷமாக எடுத்து வந்தார். மோந்து பார்த்தால் பல வருடத்து மீன் குழம்பு. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தபோதுதான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, நானெல்லே டப்பாக்கு மேலை வைச்சனான். எனக்கென்ன தெரியும் அண்ணை, தேயிலை மணம் பிடிக்குமெண்டு? நித்யாவுக்குச் சொன்னனீங்களே?"

"இன்னும் இல்லை."

"அப்ப நானும் வாய் திறக்கமாட்டன். ஆனா சொல்லிப்போடுங்கோ. பிறகு தெரிய வந்தால் கூடாது."

கூடவே இன்னொரு கஷ்டமான வேலையும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி போகும்வரை வீட்டில் தாளிக்க வேண்டாம், கற்பூரம் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சம்பந்தம் பேச வருகிற ஆளுக்கு ஒரு வடைகூடப் போடாத வீடு எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் வாழைப்பழமும் பிஸ்கட்டும் என்று முடிவாயிற்று.

மத்தியானம் நித்யா என் அறைக்கு வந்தாள். "ஏன் ஜன்னல்கிட்ட வெச்சிருக்கீங்க?"

"காத்தோட்டம் வேணுமாம்."

"யார் சொன்னா?"

"படிச்சேன்."

அவள் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் தெரிந்தது. அவர்கள் சாமானைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொள்கிறேனாம். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மாலைக்குள் சவுத்தால் தெருவின் வாசனை போயிருந்தது. கற்பூரம் அசையவில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்கு மிஸ்டர் லாம் வந்தார். எழுபது வயதிருக்கும். குள்ளம், நன்றாகத் தேய்த்த சட்டை, சிரிக்காத முகம். காய்கறி வாங்கப் போகிறவர் போலச் சக்கரம் வைத்த பை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். கெட்டிலும் கிண்ணங்களும் துண்டில் சுற்றி அதற்குள் இருந்தன. என் கையைக் குலுக்கினார். ஆங்கிலம் தெரியும், ஆனால் டீயைப் பற்றிப் பேச ஆங்கிலம் வராது, மகன் சொல்வான் என்றார். அதற்குமேல் பேசவில்லை. மாடி ஹாலில், மேஜையைச் சுற்றி நாங்கள் நாலு பேர். பத்மா வாழைப்பழத் தட்டோடு கதவருகே நின்றார்.

அவர் காகிதத்தைப் பிரித்தார். நான் நித்யாவைப் பார்க்கவில்லை. கூர் மழுங்கிய ஒரு சிறு கத்தியை வட்டின் ஓரத்தில் நுழைத்து, இலை முறியாமல் ஏடு ஏடாகப் பெயர்த்தார். மோந்து பார்க்கவில்லை, சளி பிடித்திருந்ததோ என்னவோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டார். எனக்கு ஒரு நிமிஷம் தெய்வமே துணைக்கு வந்ததாகத் தோன்றியது. வெந்நீர் ஊற்றினார், கொட்டினார். மறுபடி ஊற்றி, வடித்து, கிண்ணத்தை மூக்கருகே கொண்டு போனவர் அப்படியே இருந்துவிட்டார்.

ஆவி கூடம் முழுக்கப் பரவியது. கோயில்தான், சந்தேகமே இல்லை.

அவர் குடித்தார். கண்ணை மூடினார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. மகனிடம் வேகமாக ஏதோ சொன்னார், நிறுத்தினார், மறுபடி சொன்னார். ஆண்ட்ரூ எங்களைப் பார்த்துத் திரும்பியபோது அவன் குரலும் சரியாக இல்லை.

"கற்பூரம் என்கிறார். நல்ல இலை நன்றாக முதிர்ந்தால் கற்பூர வாசனை வரும் என்று பழைய ஆட்கள் சொல்வார்களாம். முப்பத்தோரு வருடமாகக் காத்திருக்கிறாராம். முன்னால் உடைத்த இரண்டிலும் வரவில்லையாம். லண்டன் குளிரில் தன் அலமாரியில் அது வரவே வராது என்று விட்டுவிட்டாராம். இதில் வந்துவிட்டது என்கிறார்." பிறகு தாழ்ந்த குரலில், "அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை" என்றான்.

மிஸ்டர் லாம் ஒரு கிண்ணத்தை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, நித்யாவிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்தது. பத்மா கதவருகே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வமே கொடுத்த வரம், கெடுப்பானேன் என்று என் புத்தி சொன்னது. இரண்டாவது கிண்ணமும் குடித்தேன். மூன்றாவதை ஊற்றும்போது அந்த மனிதரின் கையைப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கடைசித் துளிவரை வடித்தது. அவர் வீட்டு அலமாரியில் இன்னும் நாலு வட்டு இருக்கிறது. அடுத்த வருடம் இன்னொன்றை உடைப்பார். கற்பூரத்தைத் தேடுவார். இருக்காது. தான் எங்கே தப்புச் செய்தோம் என்று அந்த அலமாரி முன்னால் தனியாக நிற்பார். அதை நினைத்ததும் என் கிண்ணத்தை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

"மிஸ்டர் லாம்," என்றேன் ஆங்கிலத்தில், "அது உங்கள் தேயிலையின் வாசனை இல்லை. எங்கள் கற்பூரம். செவ்வாயிலிருந்து வியாழன்வரை கீழே சாமி அறையில் வைத்திருந்தேன். மன்னிக்க வேண்டும்."

கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. நித்யா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பார்வைக்காக நாலு நாளாகப் பயந்துகொண்டிருந்தேனோ, அதே பார்வை.

"தெரிஞ்சேவா?" என்றாள், தமிழில், மெதுவாக.

பத்மாதான் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை? வேண்டாத சாமானை ஆர் கொண்டு போய் அம்மாளாச்சிக்கு முன்னாலை வைப்பினம்? அண்ணை அண்டைக்கு நிண்டு என்ன கேட்டுக் கும்பிட்டவர் எண்டு எனக்குக் கேட்டது. இந்தக் கலியாணம் நல்லா நடக்கவேணும் எண்டுதான் கேட்டவர். கற்பூர டப்பாக்கு மேலை தூக்கி வைச்சது நான். ஏசுறதெண்டால் எனக்கு ஏசு."

நித்யா அதை ஆண்ட்ரூவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் கேட்டுக் கும்பிட்டதைச் சொல்லும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் அப்பாவிடம் சொன்னான். மிஸ்டர் லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்தார். அந்த அறையைப் பார்க்க வேண்டும் என்றார்.

கீழே கூட்டிப்போனோம். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். படங்களைப் பார்த்தார், கூரையில் இன்னும் கழற்றாமல் தொங்கிய பிளாஸ்டிக் தொப்பியைப் பார்த்தார். கற்பூர டப்பாவை எடுத்து மோந்தார். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மாடியேறினார். அவ்வளவுதான், பையைக் கட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பின்னாலேயே ஏறினேன்.

அவர் உட்கார்ந்து கெட்டிலை எடுத்து மறுபடியும் ஊற்றினார். நாலாவது. குடித்தோம், கற்பூரம். ஐந்தாவது, கொஞ்சம் கற்பூரம். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடச் சற்று நேரம் கூடுதலாக விட்டார். ஆறாவதை மோந்து பார்த்துவிட்டு, முதலில் என்னிடம் நீட்டினார். மழை நின்ற மரக்கதவு. அடியில் ஒரு தித்திப்பு. செவ்வாய்க்கிழமை நான் மோந்த அதே வாசனை.

அவர் மகனிடம் சொல்ல, அவன் எங்களுக்குச் சொன்னான். "முதல் ஐந்தும் உங்கள் வீட்டுடையது என்கிறார். இதுதான் எங்கள் வீட்டுடையதாம்."

பிறகு மிஸ்டர் லாம் நேராக என்னைப் பார்த்து, தன்னுடைய ஆங்கிலத்திலேயே சொன்னார். "கல்யாணத்துக்கு இன்னொன்று கொண்டுவருகிறேன். அதை நானே கையில் வைத்திருப்பேன்."

ஆண்ட்ரூதான் முதலில் சிரித்தான். பத்மாவுக்கு ஒரு கிண்ணம் வந்தது. சீனி கேட்கவா வேண்டாமா என்று அவர் என் பக்கம் திரும்பிக் கண்ணால் கேட்டார்; வேண்டாம் என்று தலையாட்டினேன். ஏழாவதை ஊற்றியபோது நித்யா எழுந்து, என் கிண்ணத்தை அவரிடமிருந்து தானே வாங்கி, என் பக்கம் கொண்டு வந்தாள்.

"சூடா இருக்குப்பா" என்றாள். "ஊதிக் குடிங்க."

ஊதவில்லை. அப்படியே குடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சுட்ட அதே இடத்தில் நாக்கு மறுபடியும் சுட்டது.